பதிவாளரின் தலைக்கு வந்த சோதனை

என் தலையில் அடிபட்டதற்குக் காரணம் ஒரு மயில். இதைக் கேட்பவர்கள் யாரும் முதலில் பரிதாபப்படுவதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறார்கள். நானும் அவர்கள் சிரித்து முடியட்டும் என்று காத்திருந்துதான் மிச்சத்தைச் சொல்வேன்.

மல்லாவியிலிருந்து துணுக்காய்ப் பக்கம் ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். வீதியோரத்து வயலில் நின்ற ஆண் மயில் ஒன்று, அதற்கு என்ன அவசரமோ, எழும்பிப் பறந்து நேரே என் நெஞ்சில் வந்து மோதியது. மயில் எவ்வளவு பாரம் என்பது மோதுப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். தலைக்கவசம் போட்டிருந்தேன், ஆனால் பட்டியைக் கொளுவவில்லை. கொண்டை கலைந்துவிடும் என்று நான் எப்போதுமே கொளுவுவதில்லை. தலைக்கவசம் ஒரு பக்கம் உருண்டது, நான் மறுபக்கம் உருண்டேன், என் தலை மதகுச் சுவரில் பட்டது. மயில் எழும்பி நடந்து போனதாகக் கண்டவர்கள் சொன்னார்கள்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பதினாறு வருடமாகப் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவாளராக இருந்தேன். ஊரில் யார் பிறந்தாலும், யார் யாரைக் கட்டினாலும், யார் செத்தாலும் என் பேனையைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தப் பதினாறு வருடத்தில் யாரைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் என் வாயிலிருந்து வந்ததில்லை. சிரித்தபடி தலையாட்டுவேன். “தங்கமான மனுசி” என்று சொல்வார்கள். தங்கம் பேசாது என்பதால் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

வைத்தியசாலையில் ஒன்பது நாள் இருந்தேன். தலைக்குள் கொஞ்சம் இரத்தம் கசிந்திருந்தது. அது தானாகவே வற்றிவிட்டது, வெட்டிக் கொத்தத் தேவையில்லை என்றார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். நாட்டின் சனாதிபதி யார் என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன், கூடவே அவரைப் பற்றிக் கேட்காத இரண்டு விஷயங்களையும் சொன்னேன். தாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அரசாங்க உத்தியோகத்தர். அந்த இடத்திலேயே யாராவது யோசித்திருக்கவேண்டும், இவளுக்குள் ஏதோ ஒன்று கழன்றுவிட்டது என்று. எல்லாரும் எனக்குச் சுகம் என்று சந்தோஷப்பட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபின் பார்க்க வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். முருகன் தன் வாகனத்தை அனுப்பி என்னைத் தண்டித்தார் என்பது ஒரு கட்சி. பெரிய ஆபத்து ஒன்று வரவிருந்ததை முருகன்தான் மயிலோடு நிறுத்தினார் என்பது மற்றக் கட்சி. முருகனுக்கு என்னோடு ஏதும் கதைக்க இருந்தால் ஒரு கடிதம் போட்டிருக்கலாம், என் அலுவலக விலாசம் எல்லாருக்கும் தெரியும் என்று நான் சொன்னேன். இரண்டு கட்சியும் ஒன்றாக எழுந்து போய்விட்டன.

என் கணவர் தண்ணீர்ப் பம்பி திருத்துபவர். வீட்டுக்குப் பக்கத்திலேயே பட்டறை. பம்பியோடு கதைப்பதில் கால்வாசிகூட மனிதரோடு கதைக்கமாட்டார். அந்த நாட்களில் அவர் அடிக்கடி பட்டறையை விட்டுக் குசினிக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஏன் வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அடுப்பில் சோறு வைத்துவிட்டு தொலைபேசி அடித்தால் போய் எடுப்பேன், பிறகு சோறு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே நினைவில் இராது. திருவலையைக் கேட்கவேண்டும், பெயர் வராது. “அந்தத் தேங்காய்க்குப் பல்லு வைச்ச சாமான்” என்பேன். பம்பி சத்தம் போட்டால் எனக்கு யாரையாவது அடிக்கவேண்டும்போல் இருக்கும். பம்பி திருத்துபவரைக் கட்டிக்கொண்டு இந்த வியாதியும் வந்தால் யாரை அடிப்பது என்று யோசிக்கத் தேவையில்லை.

இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். அலுவலகத்தில்தான் என் வாய் முழுதாக விடுதலையானது. ஒரு சோடி, எண்சாத்திரம் பார்த்துப் பிள்ளைக்கு ஒரு முழ நீளப் பெயர் கொண்டுவந்தார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு முடிய மணி அடித்துவிடும் என்றேன். தகப்பனின் இறப்பைப் பதிய இரண்டு மகன்மார் வந்தார்கள். பெயர், வயது, காரணம் எல்லாம் எழுதி முடித்துவிட்டு, கடைசியாக அவரை எப்போது வந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை. மூத்தவர் எழுந்து நின்றார். இளையவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் போனபின் நான் என்ன பிழை செய்தேன் என்று உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. நினைத்ததைச் சொன்னேன். மற்றவர்கள் நினைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பதுதான் அப்போது எனக்கு விசித்திரமாகப் பட்டது.

பிறகு என் அறைக்கு அந்தக் கலியாணம் வந்தது.

நல்ல நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம் என்று பெண்ணின் தாய் கதிரையில் இருக்காமல் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். படப்பிடிப்பாளர் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தார். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். நான் எழுதி முடித்து, புத்தகத்தைத் திருப்பி, ஒப்பமிடச் சொன்னேன். மாப்பிள்ளை பேனையைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். திரும்பவும் குனிந்தார்.

“அக்கா, இதிலை எங்கடை மாமான்ரை பேரெல்லோ கிடக்கு,” என்றார்.

சாட்சிக் கையெழுத்துப் போட வந்த தாய்மாமனைத்தான் நான் மணமகனுக்குரிய கட்டத்தில் எழுதியிருந்தேன். வயது அறுபத்தொன்று, இளைப்பாறிய தபாலதிபர். மாமா கண்ணாடியைப் போட்டு எட்டிப் பார்த்தார். “எனக்குப் பிரச்சினை இல்லை. வீட்டிலை ஒருக்கால் கேக்கவேணும்,” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லாரும் நிறுத்தியபிறகும் எனக்கு நிற்கவில்லை. ஒருவாறு அடக்கி, அந்தப் பக்கத்தை இரத்துச் செய்து, புதுப் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக எழுதினேன். திருப்பிக் காட்டினேன். மாமா மறுபடியும் மாப்பிள்ளையாகியிருந்தார்.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. நல்ல நேரம் போய்விட்டது என்று பெண்ணின் தாய் அழத் தொடங்கினார். அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, நல்ல நேரத்தில் எழுதிய எத்தனையோ சோடி இப்போது பிரிந்துதான் இருக்கிறார்கள், நானே எழுதிக் கொடுத்தவர்கள் என்று சொன்னேன். கடைசியில் பக்கத்துப் பிரிவுப் பதிவாளரைக் கூப்பிட்டார்கள், அவர் வந்து எழுதினார். நான் பின்னறைக்குப் போய் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கவில்லை. எழுத்தும் முத்துமுத்தாகவே இருந்தது. ஆளைத்தான் மாற்றியிருக்கிறேன், அதுவும் இரண்டு தரம். மயிலுக்குப் பிறகு முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது.

ஒரே நாளில் இரண்டு பக்கம் இரத்தானால் மேலிடத்துக்குத் தெரியாமல் போகாது. மேலதிகாரி அம்மா என்னைக் கூப்பிட்டு, தேநீர் தந்து, தன்மையாகவே சொன்னார். லீவில் நில்லுங்கள், வேலை செய்யத் தகுதி என்று ஒரு கடிதம் கொண்டு வாருங்கள் என்றார். தலையின் படமெல்லாம் என்னிடம் கட்டாக இருந்தது. எல்லாப் படமும் தலை நன்றாக இருப்பதாகவே சொன்னது. தலை எப்படி வேலை செய்கிறது என்று ஒரு படமும் சொல்லவில்லை.

கனடாவிலிருக்கும் அக்காதான் தேடிக் கண்டுபிடித்தாள். வவுனியாவில் ஒரு தனியார் இடத்துக்குச் சனிக்கிழமைகளில் உளவியலாளர் ஒருவர் வருகிறார், ஞாபகம், கவனம் எல்லாவற்றையும் அளந்து பார்த்து அறிக்கை தருவாராம், பிறகு பயிற்சியும் உண்டாம் என்றாள். கட்டணத்தை அவளே கட்டிவிட்டாள். கணவருக்கு விருப்பமில்லை. “அது விசருக்குப் பாக்கிற இடமெல்லோ,” என்றார். விசரோ பைத்தியமோ, நல்லது, அதற்கு ஒரு பெயராவது இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

பல் வைத்தியருக்கு மேல்மாடியில் இருந்தது அந்த இடம். கீழே பல்லைக் குடையும் சத்தம் படியேறி வந்தது. நரைத்த தாடியோடு ஒரு மனிதர் வருவார் என்று எதிர்பார்த்திருந்தேன். முதுகில் பையும் கையில் தண்ணீர்ப் போத்தலுமாக ஒரு பெண்பிள்ளை வந்தாள். டொக்டர் எப்போது வருவார் என்று அவளிடம் கேட்டேன். தான்தான் என்றாள், ஆனால் டொக்டர் இல்லை, உளவியலாளர் என்றாள். பரவாயில்லை, நானும் டொக்டர் இல்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை, எதையோ எழுதினாள். அன்று முழுக்க நான் வாயைத் திறந்த போதெல்லாம் அவள் எதையோ எழுதினாள்.

பதினைந்து சொல்லை வாசித்துவிட்டு, நினைவில் உள்ளதைச் சொல்லச் சொன்னாள். முதல் இரண்டும் கடைசி இரண்டும் வந்தன. நடுவிலிருந்த பதினொன்றும் எங்கே போயின என்று தெரியவில்லை. இலக்கங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னாள். மூன்று இலக்கம் வந்தது, நாலு தடுமாறியது, ஐந்து வரவே இல்லை. அடையாள அட்டை இலக்கத்தை ஒருதரம் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தபடி எழுதியவள் நான். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. அழாமல், மின்விசிறியில் தூசி இருக்கிறது, துடைக்கச் சொல்லுங்கள் என்றேன்.

ஒரு நிமிடத்துக்குள் எத்தனை மிருகம் சொல்ல முடியும் என்று கேட்டாள். ஆடு, மாடு, எருமை, யானை, குரங்கு என்று ஓடிவந்து நின்றுவிட்டேன். அதற்குமேல் என் கூட வேலை செய்யும் இரண்டு உத்தியோகத்தர்களின் பெயர்கள்தான் வாயில் வந்தன. சொல்லியும்விட்டேன். “அவை மிருகமோ, அன்ரி?” என்று கேட்டாள். ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து பாரும் என்றேன். முதல் தடவையாகச் சிரித்தாள்.

சிவப்பு என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சடித்து வைத்திருந்தார்கள். சொல்லை வாசிக்கக் கூடாதாம், மையின் நிறத்தைத்தான் சொல்லவேண்டுமாம். எழுதியிருப்பதை வாசிக்காதே என்று ஒரு பதிவாளரிடம் சொல்வது என்ன நியாயம்? நான் வரிக்கு வரி சொல்லையே வாசித்தேன். பிழை என்று தெரிந்துகொண்டே வாசித்தேன். பிறகு அட்டைகளைப் பிரித்து வைக்கும் சோதனை. நிறப்படி வைத்தால் சரி என்றாள். பத்துத் தரம் சரியாக வைத்தேன். திடீரென்று அதுவே பிழையானது. எப்போது மாறியது, சுற்றறிக்கை ஏதும் வந்ததா என்று கேட்டேன். சொல்ல அனுமதியில்லை என்றாள். அப்படியானால் இது அரசாங்கச் சோதனைதான் என்று சொல்லிவிட்டு, பழையபடி நிறப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். பிழை, பிழை, பிழை என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கை மாறவில்லை. மாமாவை இரண்டாம் தரமும் எழுதியது இப்படித்தான் என்று அப்போது உறைத்தது.

இரண்டு மணித்தியாலத்தில் மேசையில் தலையை வைத்து நித்திரையாகிவிட்டேன். அவள் எழுப்பவில்லை. எழும்பியதும், நித்திரையையும் எழுதினீரோ என்று கேட்டேன். ஓம், எவ்வளவு நேரத்தில் களைத்தீர்கள் என்பதும் தேவை என்றாள். அது எனக்குப் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் என் நித்திரைக்குப் புள்ளி தந்ததில்லை.

பிறகு என்னை வெளியே இருத்திவிட்டு என் கணவரைக் கூப்பிட்டாள். மயிலுக்கு முன் நான் எப்படி, பின் எப்படி என்று அவரிடம் கேட்கவேண்டுமாம். நாலு சொல்லில் வந்துவிடுவார் என்று நினைத்தேன். நாற்பது நிமிடம் உள்ளே இருந்தார். கதவில் காதை வைத்துப் பார்த்தேன், பல் குடையும் சத்தம்தான் கேட்டது. வெளியே வந்தவரின் கண் சிவந்திருந்தது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். பம்பியைப் பற்றிக் கதைத்தோம் என்றார்.

இரண்டு கிழமை கழித்து அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் ஆறு பக்கம். அவள் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வாயால் சொன்னாள். என் புத்தி அப்படியே இருக்கிறது. ஒரு விஷயம் உள்ளே போய்விட்டால் நிற்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தில் கவனம் வைக்க இப்போது முடியாது. எல்லாம் முந்தியதைவிட மெதுவாகத்தான் நடக்கும். பிழை என்று தெரிந்தும் பழைய தடத்திலேயே போவேன். வாயில் வருவதைத் தடுத்து நிறுத்துகிற பகுதியில்தான் அடி அதிகம். நான் வேண்டுமென்று யாரையும் நோகடிக்கவில்லை.

கடைசி வசனத்தைக் கேட்டபோது ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. அப்படியானால் தகுதி என்று கடிதம் தாரும் என்றேன். தரமுடியாது என்றாள். பிறப்பு, இறப்பு காலை நேரத்தில் மட்டும் செய்யலாம், விவாகம் ஆறு மாதத்துக்கு வேண்டாம், அதுவரை பயிற்சி என்றாள்.

நீர் இன்னும் கலியாணம் கட்டவில்லை, கலியாணப் பதிவைப் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். இன்னும் சிலதும் சொன்னேன், அவற்றை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு, நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் கேக்கிற கடிதத்தைத் தந்தனெண்டால், அடுத்த கிழமை இன்னொரு மாமாவைக் கட்டி வைப்பியள், அன்ரி,” என்றாள்.

அப்போது என் கணவர் வாய் திறந்தார். என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

“நான் பதினொரு வீட்டுக்குப் போயிருக்கிறன். நீ கதைச்சதுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டுப்போட்டு வந்தனான். பின்னேரங்களிலை சைக்கிள்ளை போவன். பத்து வீட்டிலை பறவாயில்லை எண்டிச்சினம். தகப்பன்ரை சாவைப் பதிய வந்த இளைய மகன்ரை வீட்டிலை மட்டும் தேத்தண்ணி தந்து, அவ கேட்டது சரிதான் எண்டு சொல்லிச்சினம். இனி என்னாலை ஏலாது.”

நல்லெண்ணெய் வாங்கப் போகிறேன், பம்பிக்குச் சாமான் எடுக்கப் போகிறேன் என்று அவர் போன பின்னேரங்கள் எல்லாம் எனக்கு நினைவு வந்தன. எனக்காக ஏன் நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள் என்று அவரிடம் அங்கேயே சண்டை பிடித்தேன். ஆனால் சண்டைக்கு நடுவில் என் குரல் உடைந்துவிட்டது. அந்தப் பிள்ளை மறுபடியும் தண்ணீர் குடித்தாள்.

முதல் பயிற்சி அதிலிருந்தே தொடங்கியது. அவர் இனி எந்த வீட்டுக்கும் போகக் கூடாது. வேண்டுமென்றால் நான் போகலாம், வேண்டாமென்றால் விடலாம். அந்தப் பதினொரு வீட்டின் விபரத்தையும் அவரிடம் கேட்டு எழுதினேன். ஏழு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பெண்ணின் தாயிடம்தான் முதலில் போனேன். அவர் இன்னும் கோபமாக இருந்தார், இருந்தாலும் பலகாரம் தந்தார். மிச்ச நாலு வீட்டையும் பற்றி நன்றாக யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னது சரி என்றே பட்டது, போகவில்லை.

இரண்டு கிழமைக்கொருமுறை வவுனியாவுக்குப் போனோம். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை. அடுப்பு எரிந்தால் தொலைபேசி குசினிக்கு வெளியே. யாருக்காவது ஏதாவது சொல்லத் தோன்றினால் முதலில் கையிலிருப்பதைக் கீழே வைக்கவேண்டும், பிறகு சொல்லலாம். கீழே வைக்கும் நேரத்துக்குள் பாதி வார்த்தை செத்துவிடும் என்றாள். உண்மைதான். என் வீட்டில் அந்த வருடம் இரண்டு தேநீர்க் கோப்பை உடைந்தது, கீழே வைத்த வேகத்தில். கணவருக்கும் ஒரு பயிற்சி இருந்தது. எனக்குச் சொல் வராதபோது அவர் எடுத்துத் தரக் கூடாது, காத்திருக்கவேண்டும். அவர் வாயை அரைவாசி திறந்தபடி, பம்பியில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதுபோல் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு வந்த சொல்லும் போய்விடும்.

மேலதிகாரி அம்மா அந்த ஆறு பக்கத்தையும் வாசித்துவிட்டு, சொன்னபடியே செய்யலாம் என்றார். ஆறு மாதம் முடிய விவாகமும் திரும்பி வந்தது. இப்போது என் அறையில் சோடியும் சாட்சிகளும் மட்டும் இருக்கலாம், மற்றவர்கள் வெளியே. நல்ல நேரம் பார்ப்பவர்கள் அரை மணித்தியாலம் முந்தி வரவேண்டும். யாருடைய பெயரை எழுதப் போகிறேனோ அவர் எழுந்து நின்று தன் பெயரைத் தானே வாசிக்கவேண்டும். மாப்பிள்ளைமார் இதற்கு வெட்கப்படுவார்கள், பெண்பிள்ளைகள் கணீரென்று வாசிப்பார்கள். திரும்பி வந்தபின் முதலாவதாக எழுதிய சோடியில் மாப்பிள்ளைக்கு ஒரு மீசை இருந்தது. அந்த மீசையைப் பற்றி எனக்குச் சொல்ல இருந்தது. பேனையைக் கீழே வைத்தேன். சொல்லவில்லை. இன்றுவரை சொல்ல ஆசையாக இருக்கிறது.

ஒரு வருடம் முடிய, வவுனியாப் பிள்ளை மறுபடி எல்லாச் சோதனையும் வைத்தாள். பதினைந்து சொல்லில் பதினொன்று சொன்னேன். அட்டை விதி மாறியதை மூன்றாவது பிழையில் பிடித்துவிட்டேன். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்வது இன்னும் குறைவுதான். வாயைப் பற்றிக் கேட்டபோது, கொஞ்சம் என்று விரலால் காட்டினாள். இனி நான் பழையபடி வருவேனா என்று கேட்டேன். தேறுதலுக்கு ஏதாவது சொல்வாள், அதைப் பிடித்துச் சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன்.

“இல்லை அன்ரி. கிட்ட வருவியள், முழுக்க வரமாட்டியள்,” என்றாள்.

கையில் ஒன்றும் இல்லாததால் கீழே வைக்கவும் எதுவும் இருக்கவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வரும் பேருந்தில் ஓமந்தை தாண்டியதும், பழைய என்னை நினைத்து ஏங்குகிறீர்களா என்று கணவரிடம் கேட்டேன். அவர் பயணச்சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“அவ நல்லவதான். ஆனா அவவோடை எனக்குக் கதைக்க ஒண்டும் இருக்கேல்லை,” என்றார்.

சொல்லிவிட்டு நித்திரையாகிவிட்டார். இருபத்திரண்டு வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட ஒருத்தியைப் பற்றி ஒரு மனிதன் இப்படிச் சொல்லலாமா என்று எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குள் வேறொன்றும் இருந்தது, அதற்கு எனக்குச் சொல் வரவில்லை. அவரை எழுப்பிக் கேட்போமா விடுவோமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாங்குளத்தில் ஏறிய ஒரு மனிதர், தனக்கு இருக்க இடமில்லை என்று ஒரு தட்டு முட்டையை என் மடியில் வைத்து, பிடித்துக்கொள்ளச் சொன்னார். மல்லாவிவரை வீதி எப்படியென்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு இப்போது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். முட்டையைப் பிடித்துக்கொண்டேன்.